முறுக்கு கூடிப்போன நூல்

அப்பு,

சின்னாளபட்டிக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம்தான். ஏறி வந்தால் நேரிலேயே பேசிவிடலாம். போன் வேறு இருக்கிறது. இருந்தும் இந்த மனுஷன் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தான் என்று நீ நினைப்பாய். காரணம் உனக்குத் தெரிந்ததுதான். எனக்கு மெதுவாகப் பேச வராது. முப்பத்தோரு வருஷம் வேடசந்தூர் ரோட்டு மில்லில், நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் ஓடுகிற கொட்டகைக்குள் நின்றவன். காது பாதி போய்விட்டது. காது போனால் குரல் தானாக ஏறிக்கொள்கிறது. போனில் உன்னிடம் "சாப்டியா?" என்று நான் கேட்டால், எதிர்வீட்டுக்காரர் "ஆச்சுண்ணே" என்கிறார். இப்போது சொல்ல வந்ததைத் தெருவுக்குக் கேட்கும்படி சொல்ல எனக்கு விருப்பமில்லை. உனக்கு மட்டும் சொல்ல வேண்டும். சரண்யா படித்தால் பரவாயில்லை. நான் வேண்டாமென்றாலும் அவள் படிப்பாள்.

நீங்கள் இரண்டு பேரும் அங்கே குடிபோய் இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. அவளுடைய பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வீடு கிடைத்தது நல்லதாகப் போயிற்று. கணக்கு டீச்சருக்குக் காலையில் பஸ்ஸில் நசுங்காமல் போவதே பெரிய காரியம். "என்ன, மாப்பிள்ளை பொண்டாட்டி வேலை பாக்குற ஊருக்குக் குடிபோயிட்டானாமே?" என்று சொந்தக்காரர்கள் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். போன வருஷம் இதே கேள்வி வந்திருந்தால் நான் சுருண்டு படுத்திருப்பேன். இந்தத் தடவை, "ஆமா, அவனுக்கு எங்க இருந்தாலும் வேலை ஓடும், ரெண்டு ஊசியும் நூலும் இருந்தாப் போதும்" என்று சொன்னேன். சொல்லிவிட்டு நானே ஒரு நிமிஷம் திகைத்துப் போனேன். அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்துவிட்டது. இத்தனை வருஷம் அதைச் சொல்லாமல் இருப்பதற்கு நான் எவ்வளவு பாடுபட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

நூல் விஷயத்தில் எனக்கு ஒரு திமிர் உண்டு. அது உனக்குத் தெரியும். நீ ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது பலகாரப் பொட்டலம் கட்டி வந்த நூலைக் கொண்டுவந்து நீட்டி, "இது என்ன நம்பர், சொல்லு" என்பாய். நான் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு தடவை உருட்டிவிட்டு, அதன் பருமனுக்கு மில்லில் என்ன நம்பர் என்று சொல்வேன். நீ வாயைப் பிளப்பாய். நான் சொன்னது சரியா தப்பா என்று சோதிக்க வீட்டில் யாரும் இல்லாததால் எல்லாமே சரியாகத்தான் இருந்தது. மில்லிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். மேஸ்திரி நான் விரலால் தொட்டுச் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள். ஒரு மனுஷனை முப்பது வருஷம் யாரும் எதிர்த்துப் பேசாவிட்டால் அவன் கெட்டுப்போவான். நான் கெட்டுப்போனேன்.

ஊரடங்கு வந்து, திருப்பூர் கம்பெனியிலிருந்து நீ பெட்டியோடு வீட்டுக்கு வந்தாயே, அங்கிருந்து இதைச் சொல்ல வேண்டும். முதல் மாதம் முழுக்க மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய். பிறகு ஒருநாள் அம்மாவின் பழைய பின்னல் ஊசிகளை எடுத்து, செல்போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவி சொல்லித் தருவதைப் பார்த்துப் பின்ன ஆரம்பித்தாய். உன் முகத்தில் மறுபடி ரத்தம் ஓடியது. அம்மா அதைக் கவனித்தாள். நான் ஊசியை மட்டும்தான் கவனித்தேன். எரியோட்டிலிருந்து சித்தப்பா வந்திருந்த அன்று, நீ கூடத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாய். சித்தப்பா உன்னைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் கத்தினேன். "ஏலே, மீசை மொளைச்ச ஆம்பளப் புள்ள நாலு பேரு வார எடத்துல ஊசியோட ஒக்காந்திருக்க, வெக்கமா இல்ல? உள்ள போ!" நீ நூலைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாய். அதன் பிறகு யாராவது வீட்டுக்கு வந்தால் நான் சொல்லாமலே உள்ளே போனாய். நாலு வருஷம் அப்படித்தான் போனாய். யார் கேட்டாலும், எக்ஸ்போர்ட் கம்பெனிக்குக் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறான் என்று நான் சொல்லிக்கொண்டேன்.

நீ என்ன செய்கிறாய் என்பதே எனக்கு அப்போது சரியாகப் புரியவில்லை. ஸ்வெட்டர் பின்னி விற்கிறாய் என்றுதான் நினைத்தேன். ஒரு சட்டையை எப்படிப் பின்ன வேண்டும், எந்த வரியில் எத்தனை கண்ணி, எங்கே குறைக்க வேண்டும், எங்கே கூட்ட வேண்டும் என்று வரிவரியாக எழுதி, அந்த எழுத்தை விற்கிறாய் என்று அம்மாதான் எனக்கு விளக்கினாள். எங்கோ இருக்கிற பெண்கள் அதை வாங்கித் தாங்களே பின்னிப் போட்டுக்கொள்கிறார்களாம். "அப்ப இவன் பின்னுறதில்லயா?" என்று கேட்டேன். "முதல்ல இவன் பின்னிப் பாத்தாத்தானே எழுத முடியும்? சமைக்காம சமையல் குறிப்பு எழுதுவாங்களா?" என்றாள். எனக்கு அதற்கும் ஒரு பதில் இருந்திருக்கும், இப்போது ஞாபகம் இல்லை.

போன சித்திரையில் இங்கிலாந்தில் நூல் கடை வைத்திருக்கும் அந்த அம்மாள் உன்னிடம் கேட்டாள், அவர்களுடைய வசந்த காலத்துக்கும் கோடைக்கும் ஐந்து மாதிரிகள் வேண்டும், எல்லாம் நம் ஊர்ப் பருத்தியில் இருக்க வேண்டும், கார்த்திகைக்குள் வர வேண்டும் என்று. அதுவரை நீ பின்னியதெல்லாம் கம்பளி நூலில். பருத்தி உனக்குப் புதிது. மூன்று நாள் யோசித்துவிட்டு என்னிடம் வந்தாய். நான் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்கும்படி முன்னால் வந்து நின்று, "அப்பா, வெயில் காலத்துக்குப் பின்னுறதுக்கு எந்த நூல் எடுக்கலாம்?" என்று கேட்டாய். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! நாலு வருஷத்தில் நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அந்தச் சந்தோஷத்தைக் காட்டத் தெரியாமல் மேஸ்திரியாக மாறிவிட்டேன்.

"இருபதாம் நம்பர் பாவு நூல் எடுத்துட்டு வாரேன். எட்டு இழை சேர்த்து நல்லா இறுக்கி முறுக்கித் தரச் சொல்றேன். யானைய கட்டி இழுத்தாலும் அறாது" என்றேன்.

"பாவு நூல் தறிக்குல்லப்பா? இதுக்கு முறுக்கு கம்மியா இருந்தாத்தான் நல்லதுன்னு எழுதியிருக்காங்க. மொதல்ல சின்னதா ஒரு துண்டு பின்னி, தண்ணியில நனைச்சுப் பாத்துட்டு—"

"நீ எனக்கு நூலு சொல்லித் தாரியா?"

அவ்வளவுதான். நீ உள்ளே போய்விட்டாய். நான் வேடசந்தூரில் எனக்குத் தெரிந்த, இழைகளைச் சேர்த்து முறுக்கிக் கொடுக்கிற டபுளிங் பட்டறைக்குப் போய், இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு என்று பக்கத்தில் நின்று முறுக்க வைத்துக் கொண்டுவந்தேன். நீ அந்த நூலில் கையில்லாத மேல்சட்டை ஒன்றை இருபத்திரண்டு நாள் பின்னினாய். நீரோட்டம் மாதிரி ஒரு வரி மேலே ஓடி, கழுத்துக்குப் பக்கத்தில் இரண்டாகப் பிரியும். நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு அதைத் துவைத்தாய். தண்ணீரிலிருந்து எடுத்துக் காயப்போட்டதும் சட்டை முழுக்கக் கோணிக்கொண்டது. விலாப்பக்கம் வர வேண்டிய தையல் தொப்புளுக்கு வந்து நின்றது. நீ கொடிக்கு முன்னால் அப்படியே நின்றாய். நான் வந்து பார்த்துவிட்டு, "கை இறுக்கம் ஒரே மாதிரி இல்லப்பு. ஒரு வரி இறுக்கம், ஒரு வரி தளர்ச்சி. பழகணும்" என்றேன். அடுத்த பத்து நாள் நீ சதுரம் சதுரமாகப் பின்னிப் பின்னிப் பிரித்தாய். வலது ஆள்காட்டி விரல் வீங்கி, அம்மா மஞ்சள் பற்றுப் போட்டாள். அந்த இங்கிலாந்து அம்மாளுக்குக் கொஞ்சம் நாள் வேண்டும் என்று எழுதினாய்.

ஆவணியில் சரண்யாவும் அவள் வீட்டாரும் மாப்பிள்ளை பார்க்க நம் வீட்டுக்கு வருகிறார்கள் என்று ஆனது. ஒட்டன்சத்திரத்துப் பக்கம் தக்காளியும் முருங்கையும் போடுகிற குடும்பம், பெண் சின்னாளபட்டியில் டீச்சர், நல்ல இடம் என்று சித்தப்பா கொண்டுவந்த சம்பந்தம். பையன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை என்று நான் சித்தப்பாவிடம் சொல்லியிருந்ததை அவன் அப்படியே அங்கே சொல்லியிருந்தான். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் நான் உன் அறைக்குள் வந்து நூல் கோன்கள், பின்னி முடித்த சால்வை, பாதியில் நின்ற மேல்சட்டைகள் எல்லாவற்றையும் இரண்டு சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினேன். ஊசிகளை அரிசி டிரம்முக்குள் போட்டேன். நீ கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். "அவங்க கேட்டா நான் மறைக்க மாட்டேன்ப்பா" என்று மட்டும் சொன்னாய். "கேக்க மாட்டாங்க. நான் பேசிக்கிறேன்" என்றேன்.

அவர்கள் வந்து உட்கார்ந்ததும் முதல் பத்து நிமிஷம் நான்தான் பேசினேன். சரண்யாவின் அப்பா கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி என்ன வேலைங்க பாக்குது?" என்றார். எக்ஸ்போர்ட், கம்ப்யூட்டர், வெளிநாடு என்று நான் அடுக்கினேன். சரண்யா அதுவரை குனிந்துகொண்டுதான் இருந்தாள். நிமிர்ந்து உன்னைப் பார்த்து எதையோ கேட்டாள். எனக்குக் கேட்கவில்லை. ஆனால் மில்லில் வேலை செய்தவனுக்கு உதட்டைப் படிக்கத் தெரியும். ரிங் ஃப்ரேம் நடுவில் நாங்கள் அப்படித்தான் பேசிக்கொள்வோம். "கம்ப்யூட்டர்ல என்னங்க பண்ணுவீங்க?" என்றது அவள் உதடு. "நான் பின்னுவேன். பின்னுறதுக்கு மாதிரி எழுதுவேன்" என்றது உன் உதடு. அவளுடைய அம்மாவின் புருவம் ஏறியது. அவளுடைய அப்பா கேசரியைக் கீழே வைத்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்து நான், "அதெல்லாம் சும்மா பொழுதுபோக்குங்க! கல்யாணம் ஆனா விட்ருவான்!" என்று அலறினேன்.

"ஏனுங்க இப்படிச் சத்தம் போடறீங்க? தம்பி நல்லாத்தானுங்க சொல்லுது" என்றார் அவர். சரண்யா உன்னிடம் எழுதியதைக் காட்டச் சொன்னாள். நீ செல்போனில் காட்டினாய். அவள் விரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள். மாப்பிள்ளை பார்க்க வந்த இடத்தில் பெண் பரீட்சைப் பேப்பர் திருத்துவதை அன்றுதான் பார்த்தேன். "இது பூராக் கணக்குதானுங்களே" என்றாள். பிறகு, "தொண்ணூத்தாறு கண்ணியில ஆரம்பிக்கறீங்க. வரிக்கு ரெண்டு குறைச்சா, பன்னெண்டு வரியில எழுபத்திரண்டு வரணும். எழுபத்து நாலுன்னு போட்டிருக்கீங்களே?" என்றாள். நீ செல்போனை வாங்கிப் பார்த்தாய். தலையைச் சொறிந்தாய். சிரித்தாய். நாலு வருஷத்தில் கூடத்தில் உட்கார்ந்து நீ சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அவளுடைய அம்மா, பின்னியது ஏதாவது இருந்தால் பார்க்கலாமா என்று கேட்டார். உன் அம்மா உள்ளே போனாள். நல்லதெல்லாம் பரணில் கட்டிக் கிடந்தது. அதை ஏற்றியவன் நான். கைக்கு எட்டியது பீரோவில் அவள் மடித்து வைத்திருந்த அந்தக் கோணல் சட்டை ஒன்றுதான். அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். சரண்யாவின் அப்பா இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தையல் குறுக்கே ஓடியது. அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க மில்லுல பெரிய ஆளா இருந்தவருன்னு சொன்னாங்க. இது ஏனுங்க இப்படிக் கோணிட்டு நிக்குது?"

நான் வாயைத் திறப்பதற்குள் உன் உதடு அசைந்தது. "என் கைத்தப்புங்க. எனக்கு இன்னும் கை படியல" என்று சொன்னாய்.

பெண் கொடுக்க வந்தவர்கள் முன்னால், தன் தொழிலே தனக்குச் சரியாக வரவில்லை என்று ஒரு மாப்பிள்ளை சொல்கிறான். அதுவும் யாருக்காகச் சொல்கிறான்? "அது அவன் தப்பு இல்லீங்க! என் தப்பு! நூல் என்னோடது! முறுக்கக் கூட்டிக் கெடுத்தது நான்! அவன் வேணாம்னுதான் சொன்னான்!" என்று கத்தினேன். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். எதிர்வீட்டில் ஜன்னலைத் திறந்து பார்த்ததாக அம்மா பிறகு சொன்னாள்.

உன் மாமனார் சட்டையை மடியில் வைத்து மெல்ல மடித்தார். பிறகு சொன்னார்: "நானும் ஒரு வருசம் தக்காளி நாத்துல இப்படித்தானுங்க. இது நம்ம மண்ணுக்கு ஆகாதுன்னு எம் பையன் சொன்னான். உனக்கென்னடா தெரியும்னு நட்டுப்போட்டேன். ரெண்டு ஏக்கராவும் போச்சுங்க. மழையால போச்சுன்னு இன்னி வரைக்கும் சொல்லிட்டிருக்கேன்." அவருடைய மனைவி சட்டென்று திரும்பி, "அப்ப மழையில்லீங்களா?" என்று கேட்டார். முதலில் சிரித்தது சரண்யா. பிறகு எல்லாரும் சிரித்தோம். நான் கண்ணைத் துடைத்தது சிரிப்பால் என்று நீங்கள் நினைத்திருக்கலாம்.

அவர்கள் போனதும் பரணிலிருந்து சாக்கை இறக்கினோம். அம்மா அரிசி டிரம்மில் கையை விட்டு ஊசிகளைத் துழாவினாள். ஓர் ஊசி மட்டும் இரண்டு நாள் கழித்துத்தான், அரிசி களையும்போது கிடைத்தது.

அதற்குப் பிறகு நாம் இரண்டு பேரும் நூல் எடுக்க அலைந்த அந்த இரண்டு மாதம்தான் என் வாழ்க்கையில் நான் உருப்படியாக வேலை பார்த்த காலம் என்று சொல்வேன். பனியனுக்குப் போகிற தளர்ந்த முறுக்கு நூலை எடுத்து, இழைகளைச் சேர்க்கும்போது முதல் முறுக்குக்கு எதிர்ப்பக்கமாக முறுக்க வைத்தோம். ஒரு முழம் நூலை எடுத்து இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிட்டால், அது தன்மேல் தானே சுற்றிக்கொள்ளாமல் தொட்டில் மாதிரி திறந்து தொங்க வேண்டும் என்று நான் உனக்குக் காட்டினேன். நீ எனக்குக் காட்டியது அதைவிட அதிகம். கம்பளி இழுத்தால் திரும்பப் போய்விடும், பருத்திக்கு அந்தக் குணம் இல்லை, தன் கனத்தாலேயே கீழே இறங்கிவிடும் என்றாய். ஒவ்வொரு நூலிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு பின்னி, துவைத்து, அடியில் நாலு கிளிப்பை மாட்டி, புரட்டாசி வெயிலில் கொடியில் தொங்கவிட்டு, மறுநாள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்தாய். மூங்கில் கலந்த நூல் கைக்குக் குளுகுளுவென்று இருந்தது. நான் அதுதான் மேல்சட்டைக்கு என்றேன். நீ கொடியைக் காட்டினாய். இரண்டு விரற்கடை இறங்கிக் கிடந்தது. அது சால்வைக்குப் போயிற்று; சால்வை இறங்கினால் யாருக்கு நஷ்டம்? லினன் நூல் முதலில் கயிறு மாதிரி விரலை அறுத்தது. நான் வேண்டாம் என்றேன். "நாலு தடவ துவைக்கட்டும்ப்பா, அப்புறம் பேசலாம்" என்றாய். நாலாவது துவைப்புக்குப் பிறகு அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நானே அதை எடுக்கச் சொன்னேன். துளைத் துளையாகப் பின்னுகிற மாதிரிக்கு அதைவிட நல்ல நூல் கிடையாது.

புது நூலில் நீ மறுபடி பின்னிய மேல்சட்டையை அம்மாவுக்குச் சேலைக்கு மேல் போட்டு, மத்தியான வெயிலில் மார்க்கெட்டுக்கு அனுப்பினோமே, ஞாபகம் இருக்கிறதா? "உள்ள காத்து நல்லா போகுது, ஆனா பூக்காரி என்னைய ஒரு மாதிரி பாத்தா" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். திண்டுக்கல் வெயிலுக்குத் தாங்கினால் எந்த ஊருக்கும் தாங்கும் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர்களுடைய வசந்த காலம் நம் மார்கழியைவிடக் குளிர் என்று நீ சொன்னாய். அதனால் அதற்கான மாதிரி ஒன்றுக்கு மட்டும் பருத்தியோடு கொஞ்சம் கம்பளி கலந்த நூலை வரவழைத்தாய். எனக்கு அது தோன்றியிருக்காது. யார் போடப் போகிறார்கள், எந்தக் காற்றில் போடப் போகிறார்கள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. கோன் மில் வாசலைத் தாண்டிவிட்டால் என் கவலை முடிந்தது என்று இருந்தவன் நான்.

கூடுதலாக நாள் கேட்டிருந்தும், ஐந்து மாதிரிகளும் கார்த்திகைக்குள்ளேயே போய்ச் சேர்ந்தன. தை மாதம் உன் கல்யாணம். தாலி கட்டிய கை ஈரம் காய்வதற்குள் இங்கிலாந்து அம்மாள் அனுப்பிய படங்களை நீ என்னிடம் காட்டினாய். யாரோ நாலு ஊர்ப் பெண்கள் உன் மேல்சட்டையைத் தாங்களே பின்னிப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்தி சட்டையிலும் தையல் கோணவில்லை. நான் அதைத்தான் முதலில் பார்த்தேன். பிறகுதான் முகங்களைப் பார்த்தேன். உன் மாமனார் செல்போனை வாங்கி மண்டபத்தில் வரிசையாக எல்லாரிடமும் காட்டிக்கொண்டு போனார். சித்தப்பாவிடமும் காட்டினார். சித்தப்பா செத்த நேரம் பார்த்துவிட்டு, "இம்புட்டும் நம்ம பய செஞ்சதா?" என்று என்னைக் கேட்டான். ஆமாம் என்று சொன்னேன். எனக்குக் கேட்கிற அளவுக்கு அவன் வேறு எதுவும் சொல்லவில்லை.

கல்யாணமான மகனுக்குப் புத்தி சொல்ல எல்லா அப்பனுக்கும் ஆசை இருக்கும். எனக்கு நிறையத் தெரியாது. ஒன்றே ஒன்று சொல்கிறேன். அன்றைக்கு நான் "நீ எனக்கு நூலு சொல்லித் தாரியா?" என்று கேட்டபோது, "ஆமா, சொல்லித் தாரேன்" என்று நீ சொல்லியிருக்க வேண்டும். பெரியவர் மனம் நோகக்கூடாது என்று நீ விட்டுக்கொடுத்தாய். அதனால் என் மனம் நோகாமல் இருந்ததா? இல்லை. இருபத்திரண்டு நாள் உழைப்புதான் போயிற்று. சரண்யாவிடம் அப்படி விட்டுக்கொடுக்காதே. அவள் தப்பு என்று பட்டால் அன்றைக்கே சொல். அவள் உன்னிடம் சொல்லும்போது முகத்தைத் தூக்காதே. எழுபத்து நாலா எழுபத்திரண்டா என்று கேட்டபோது தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தாயே, அப்படியே இரு. என்னை மாதிரி ஆகாதே என்று சொல்ல எனக்கு இப்போது வருத்தமாக இல்லை. வயதானால் இது ஒரு வசதி.

இனி, எதற்காக எழுத உட்கார்ந்தேனோ அதைச் சொல்ல வேண்டும். உன் மாமனார் முன்னால் அன்று நான் கத்திச் சொன்னேனே, அது பாதிதான். நூல் தப்பாகப் போயிற்று, முறுக்கு கூடிப்போயிற்று என்று சொன்னேன். ஏதோ அப்போதுதான் எனக்குப் புரிந்த மாதிரி எல்லாரும் எடுத்துக்கொண்டீர்கள். நல்ல மனுஷன், தப்பை உடனே ஒத்துக்கொண்டான் என்று உன் மாமியார் அம்மாவிடம் சொன்னாராம். அது இத்தனை மாதமாக எனக்கு நெஞ்சில் நிற்கிறது.

அந்தச் சட்டையை நீ துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு வாளியைக் கவிழ்க்கப் பின்பக்கம் போனாய். நான் அப்போதே வந்துவிட்டேன். கோணல் கண்ணில் பட்டவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் அடி ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த நூலில் ஒரு சாண் அறுத்து, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிட்டேன். பழைய டெலிபோன் வயர் மாதிரி சுருண்டு சுருண்டு ஏறியது. முப்பத்தோரு வருஷம் நான் பார்த்த வேலை அது. ஒரு நொடிகூடச் சந்தேகம் இல்லை. அந்தத் துண்டு நூலைச் சாக்கடையில் போட்டேன். நீ திரும்பி வந்து கொடிக்கு முன்னால் நின்றாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "கை இறுக்கம் ஒரே மாதிரி இல்லப்பு" என்று சொன்னேன். தெரிந்தே சொன்னேன். பிறகு பத்து நாள், உன் கையில் இல்லாத குற்றத்தை உன் கையில் தேடி நீ விரல் வீங்கப் பின்னியதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா மஞ்சள் அரைக்கும்போது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே நீ ஊசியைக் கீழே வைத்திருப்பாய். நான் சொல்லவில்லை.

உன் கையில் ஒரு குறையும் இல்லை, அப்பு. அன்றும் இல்லை. என் ஆயுசில் அவ்வளவு சீரான கையை நான் எந்த மில்லிலும் பார்த்ததில்லை.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். கோபம் வந்தால் வரட்டும், நாலு நாள் இருந்துவிட்டு வா. உனக்கு எப்படி இருக்குமோ தெரியவில்லை, எனக்கு இதை எழுதி முடித்ததும் ஈரச் சாக்கை முதுகிலிருந்து இறக்கிப் போட்ட மாதிரி இருக்கிறது. அம்மா எனக்கு எதிரே வந்து நின்று, நான் உதட்டைப் பார்க்கும்படி, "வெஞ்சனம் ஆறுது, வாரீகளா இல்லயா?" என்று மூன்றாம் தடவை கேட்டுவிட்டாள். கத்திரிக்காய் வதக்கியிருக்கிறாள், வாசனை இங்கே வருகிறது. எனக்கு நல்ல பசி.

அப்பா